சாமியின் பெயரில் எழுதப்படும் பட்டினி

அறப்பளீஸ்வரர் துணை

அனுப்புநர்
செ. சுகுணா,
க/பெ. செல்வம்,
பைல்நாடு,
கொல்லிமலை வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாமக்கல்.

பொருள்: மலையடிவாரத்தில் இயங்கும் தனியார் மகளிர் கல்லூரி – முதலாம் ஆண்டு ‘ஊட்டச்சத்தும் உடல்நலமும்’ பாடத்தின் செய்முறைப் பயிற்சியில் மாணவியர் பட்டினி கிடப்பது – அது விரதம் என்று பதியப்படுவது – பொங்கல் விடுமுறைக்கு அவர்கள் வீடு திரும்புமுன் பயிற்சியை நிறுத்தி, மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரம் பெரியது என்பதை அறிவேன். இது பட்டா கேட்டோ, உதவித்தொகை கேட்டோ வந்த மனு அல்ல. பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது. ஆகவே முழுவதையும் ஒருமுறை படித்துவிடும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனவள். அதற்கு மேல் உள்ளதை என் மகள் யமுனாவின் பாடப் புத்தகங்களை வைத்து நானாகப் படித்துக்கொண்டேன். எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தால், நான் கண்ணால் பார்த்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கலக்காமல் இம்மனுவை எழுதியிருக்கிறேன். கேட்டதை எழுதும் இடத்தில் யார் சொன்னார் என்று எழுதியிருக்கிறேன். மனு பல கை மாறும் என்பதால் கல்லூரியின் பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

2. அந்தப் பாடத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. இதைத் தாங்கள் நம்ப வேண்டும். யமுனா கல்லூரியில் சேர்ந்த புதிதில், வாரக் கடைசியில் விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தாலே எங்கள் அடுப்பங்கரை வகுப்பறை ஆகிவிடும். சாமையை வெள்ளை வெளேரென்று தீட்டக்கூடாது, கீரையோடு எலுமிச்சை சேர்க்க வேண்டும், சோகை என்றால் என்ன, அது ஏன் பெண்பிள்ளைகளுக்கு அதிகம் என்றெல்லாம் சொல்லித்தருவாள். சாப்பிட்ட கையோடு அவள் அப்பா டீ கேட்டால், இரும்புச்சத்து உடம்பில் சேராமல் ஓடிப்போகும், பொறுங்கள் என்பாள். “இரும்புக்கு என்ன கால் மொளச்சிருக்கா கண்ணு, ஓடறதுக்கு?” என்று அவர் கேலி செய்வார். ஆனாலும் பொறுத்துத்தான் குடிப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் பிள்ளை அவள். அந்தப் பாடத்தால் எங்கள் வீட்டுக்கு நன்மை வந்தது. அதை மறைத்து எழுதினால் எனக்குப் பாவம்.

3. ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு வகுப்பு மாறியது. இந்தப் பத்தியில் உள்ளது யமுனா சொல்லி நான் அறிந்தது. பாடம் எடுக்கும் சத்யா மேடம் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். சத்துமாவு விற்பவர். எடை குறைய, காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாக அந்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், மதியம் மட்டும் அளவாகச் சாப்பிடலாம், இதுவே செய்முறைப் பயிற்சி, இதற்கே அகமதிப்பெண் என்று ஏற்பாடு ஆனது. வகுப்பறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். வாரம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் எடை பார்த்து, இலக்கை எட்டியவள் பெயருக்கு நேரே பச்சைப் பொட்டு, எட்டாதவளுக்குச் சிவப்புப் பொட்டு. நெட்டைப் பெண்ணுக்கும் குட்டைப் பெண்ணுக்கும் ஒரே இலக்கு. உயரத்தோடு சேர்த்துத்தான் எடையைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுடைய பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சுவரில் ஒட்டிய தாளில் உயரத்துக்கு இடமே இல்லை.

சத்யா மேடம் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். இளவயதுக்காரர். அவரும் அதே மாவைத்தான் கரைத்துக் குடிக்கிறாராம். பிள்ளைகள் அவர் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவர் சொன்னதற்கு ஒரு படி மேலேயே போனார்கள்.

4. திண்ணனூர் நாட்டைச் சேர்ந்த ராசப்பன், மாராயி தம்பதியின் மகள் கோகிலவாணி, யமுனாவுக்கு அறைத்தோழி. இவர்கள் பெயரை எழுத மாராயியிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்தப் பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். தவிர்க்க வேண்டிய உணவுகள் என்று வகுப்பில் போட்ட வரிசையில், எங்கள் மலையில் விளையும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) முதலாவதாக இருந்ததாம். அன்றிலிருந்து மலையிலிருந்து போன பிள்ளைகளுக்கு ‘கெழங்கு மூட்ட’ என்று பட்டப்பெயர். கோகிலவாணியும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். “மூட்ட எறங்குது, வழி விடுங்கடி” என்று அவளே சொல்லிக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுவாளாம். பிறகு மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள்.

5. முன் பத்தியும் இதுவும் யமுனா சொன்னவை. அந்த விடுதியில் சாப்பிடாமல் இருப்பது எளிதல்ல. சாப்பாட்டுக்கூடத்துக்கு வராத பிள்ளையைக் காப்பாளர் அழைத்துக் கேட்பார். ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் மறுகேள்வி கிடையாது. ‘விரதம்’ என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். அது நல்ல எண்ணத்தில் வைத்த வழக்கம்தான். அந்த வாசல் வழியாகத்தான் முதலில் ஒருத்தி நுழைந்தாள். பிறகு கோகிலவாணி. பிறகு வகுப்பில் பாதிப்பேர்.

6. கார்த்திகை தீபத்துக்குக் கோகிலவாணி வீட்டுக்கு வந்தாள். தான் விரதம் என்று தாயிடம் சொன்னாள். மாராயிக்கு மகிழ்ச்சி. கல்லூரிக்குப் போயும் பிள்ளை சாமியை மறக்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். பொழுது சாய்ந்து விளக்கேற்றியதும் இலை போட்டார்.

ஐயா, எங்கள் பக்கத்தில் விரதம் விடும்போது தானாகப் பரிமாறிக்கொள்ளக் கூடாது. தாய் போட வேண்டும். இலையில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது, இரண்டாம் முறை போடுவதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் விரதம் குறைப்பட்டுவிடும். பொய்யாகத் தொடங்கிய விரதத்தைக் கோகிலவாணி மெய்யாக விட வேண்டியதாயிற்று. சோறு, பருப்பு, அப்பம், பாயசம் என்று தாய் போடப் போட அவள் சாப்பிட்டிருக்கிறாள். கடைசிக் கவளத்தை மாராயியே ஊட்டிவிட்டார். “மூஞ்சி வத்திப் போச்சே சாமி, இன்னும் ரெண்டு வாய்” என்று சொல்லி ஊட்டியதாக அவரே என்னிடம் சொன்னார். மறுநாளும் அதற்கு மறுநாளும் பிள்ளை இளைத்திருக்கிறாளே என்று விடாமல் விருந்து. மூன்றாம் நாள் பாதம் வீங்கியது. மூச்சு வாங்கியது. சாயங்காலம் தாயைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டாளாம்.

7. மலையிறக்கி அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். “ஒரு நாளுங்க. கார்த்திகை விரதமுங்க” என்று மாராயி சொன்னார். தெரிந்ததைத்தான் சொன்னார். அந்தப் பதிலை நம்பி, விஷக்காய்ச்சலா, வேறு எதையாவது தின்றுவிட்டாளா என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

8. இனி எழுதுவது நான் நேரில் பார்த்தது. தோழிக்கு இப்படி ஆகிவிட்டதே, நம் பிள்ளை தனியாக இருக்கிறாளே என்று நான் விடுதிக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். யமுனா அறையில் படுத்திருப்பதாகச் சொன்னார்கள். கூடத்தில் விளக்கெல்லாம் எரிந்தது, மின்விசிறியெல்லாம் சுற்றியது, பேச்சுச்சத்தம் மட்டும் இல்லை. கழுவி அடுக்கிய தட்டுகள் அடுக்கியபடி இருந்தன. பிள்ளைகள் வரிசையாக வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். நண்பகல் வெயிலில் நாலைந்து பேர் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். ஒருத்தி சாம்பார் வாளியின் அருகில் வந்து நின்று, குனிந்து வாசனை பிடித்துவிட்டு, தட்டை எடுக்காமலே போனாள். நான் இழவு வீட்டுக்கும் போயிருக்கிறேன், ஐயா. அங்கேகூடச் சோற்றுக்கு முன்னால் அவ்வளவு அமைதி இருக்காது.

சமையல் செய்யும் கண்ணாயி என்னை யார் என்று விசாரித்துவிட்டு, என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துக் கேட்டார்: “ஏனுங்க, சாமி காரியம் தெரிஞ்சவங்களாட்டம் இருக்கீங்க. இந்தப் புள்ளைங்க தெனமும் விரதங்கறாங்க. எந்தச் சாமிக்குங்க இத்தன விரதம்?”

கோகிலவாணி எத்தனை நாளாக இப்படி என்று திருப்பிக் கேட்டேன். ஐப்பசி முழுக்க அவள் தட்டெடுத்துத் தான் பார்க்கவில்லை என்றார் கண்ணாயி. அவர் பெயரை எழுதலாமா என்று தயங்கினேன். “போட்டுக்குங்க. வேல போனா போவுது. சோறாக்கத் தெரிஞ்சவளுக்கு அடுப்பு எங்கியும் கெடைக்கும்” என்றார்.

9. மகளைப் பார்க்கக்கூட நிற்காமல் அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போய் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். உடனே வேறு மருந்து ஏற்றினார்கள். பிற்பாடு அவர் எங்களுக்கு விளங்கும்படி சொன்னது இது: பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக முழுச் சாப்பாடு போட்டால் இரத்தத்தில் உள்ள உப்புச்சத்துகள் திடீரென்று இறங்கிவிடும். இதயம் நின்றுபோகலாம், மூளையும் பாதிக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் சிறுகச் சிறுகத்தான் உணவு தொடங்க வேண்டும். தான் ஊட்டிய சோறா காரணம் என்று மாராயி கேட்டார். உங்கள் மேல் தப்பில்லையம்மா, உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார் மருத்துவர். கோகிலவாணி உயிரோடு இருக்கிறாள். இன்றுவரை பிடித்துக்கொள்ளாமல் அவளால் நடக்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது.

10. இதன் பிறகு கல்லூரி பெற்றோர் கூட்டம் கூட்டியது. நானும் என் கணவரும் போனோம். பயிற்சியை நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் போனோம். வீட்டில் மேற்கொண்ட மதவிரதத்தால் ஒரு மாணவி மயங்கியதாக முதல்வர் பேசினார். “உங்க நம்பிக்கைக்கு நாங்க குறுக்க நிக்க மாட்டோம்” என்றார். எங்கள் மகள் எங்கள் வழக்கப்படி விரதம் இருக்கிறாள், அதனால் நேர்வதற்குக் கல்லூரி பொறுப்பல்ல என்று அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். மலையிலிருந்து வந்த பெற்றோர் பலர், தங்கள் சாமிக்குக் கல்லூரி மரியாதை செய்கிறது என்று நினைத்துக் கைகூப்பிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நான் எழுந்து மாவைப் பற்றியும் பொட்டைப் பற்றியும் கேட்டேன். அது பாடத்திட்டம், அதில் பெற்றோர் தலையிட வேண்டாம் என்றார்கள். நாங்கள் கையெழுத்துப் போடவில்லை.

11. நான் நோன்பு நோற்கிறவள், ஐயா. சஷ்டியும் பிரதோஷமும் விட்டதில்லை. விரதம் தொடங்கும்போதே அது எப்போது முடியும் என்பது தெரியும். முடியும் இடத்தில் ஒருவர் சோற்றோடு காத்திருப்பார். முடியும் நாளே இல்லாத ஒன்று விரதம் ஆகாது. எங்கள் சாமி எந்தப் பெண்ணையும் இவ்வளவு எடைக்கு இறங்கி வா என்று கேட்டதில்லை. மனிதர் செய்ததைச் சாமியின் கணக்கில் எழுதுவது பெரும் பழி. அந்தப் பழிக்காகத் தங்களிடம் வந்திருந்தால்கூட நியாயம்தான். ஆனால் நான் வந்தது அதற்கல்ல.

12. இந்தப் பருவத்தில் அதே பயிற்சி இரண்டாம் சுற்றாகத் தொடங்கி நடந்துகொண்டிருக்கிறது. போகிக்கு முந்தின நாள் கடைசி எடை பார்ப்பார்கள். மறுநாள் விடுமுறை. முன்பைவிட அதிகப் பிள்ளைகள் இதில் இருக்கிறார்கள். கடைசி எடைக்கு முன்னால் தண்ணீரைக்கூடக் குறைத்துவிடுவார்கள் என்று யமுனா வாய்தவறிச் சொன்னாள். அத்தனை பேரும் அன்று அடிவாரக் காரவள்ளியில் பஸ் ஏறி மலைக்கு வருவார்கள். மலையில் ஒவ்வொரு வீட்டிலும் பொங்கல் வைத்து, இலை விரித்து, இளைத்துவந்த மகளை முதல் ஆளாக உட்கார வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. அவர்கள் உண்மையைச் சொல்லப் போவதுமில்லை. கோகிலவாணிக்கு நேர்ந்தது எத்தனை வீட்டில் நேரும் என்று நினைத்தால் எனக்கு அடுப்புப் பற்றவைக்கவே கை வரவில்லை.

13. பல வாரங்களுக்குப் பிறகு, போன சனிக்கிழமை யமுனா வீட்டுக்கு வந்தாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள். தலை வாரிவிட்டபோது முடி கொத்தாகச் சீப்போடு வந்தது. மருத்துவர் சொன்னது நினைவிருந்ததால், நான் இலை போடவில்லை. சாமைக் கஞ்சியைத் தெளிவாக ஒரு டம்ளரில் கொடுத்தேன். விரதம் என்று தள்ளினாள்.

“எந்தச் சாமிக்கு, கண்ணு?” என்று கேட்டேன்.

டம்ளரை ஒரு தட்டால் மூடி வைத்தாள். பிறகு, “மார்க்குக்குத்தாம்மா” என்றாள்.

கோகிலவாணியைப் பார்த்தும் பயமில்லையா என்றேன். அவள் பச்சைப் பொட்டு வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள் என்று பதில் சொன்னாள். பெருமையாகச் சொன்னாளா, பயந்து சொன்னாளா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. ஊரோடு இருந்துவிடு என்று அவள் அப்பாவும் கெஞ்சினார். பெயிலானால் யார் படிக்க வைப்பார்கள் என்று அழுதாள். ஞாயிறு விடிவதற்குள் எங்களிடம் சொல்லாமலே முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கஞ்சி டம்ளர் மூடியபடியே இருந்தது.

14. நானே வீடுவீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வீட்டில் காது கொடுத்தார்கள். மற்ற வீடுகளில், “உம் மவ விரதம் பொய்யின்னா எம் மவ விரதமும் பொய்யா? சாமி குத்தம் பேசாத” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. மாராயிக்கு இப்படி ஆகாமல் இருந்திருந்தால், என் வாசலில் யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

15. ஆகவே தங்களிடம் வேண்டுவன:

இரண்டாம் சுற்றுப் பயிற்சியையும் எல்லோர் முன்னிலையில் எடை பார்ப்பதையும் உடனே நிறுத்த உத்தரவிட வேண்டும். பாடத்தை நிறுத்த வேண்டாம். அது புத்தகத்தில் உள்ளபடி நடக்கட்டும். பயிற்சியிலிருந்து விலகும் பிள்ளைக்கு மதிப்பெண் குறையாது என்று எழுத்தில் தர வேண்டும். இந்த உறுதி இல்லாவிட்டால் ஒருத்தியும் சாப்பிட மாட்டாள்.

விடுமுறைக்கு அனுப்புமுன், அரசு மருத்துவக் குழு ஒன்று விடுதிக்கே சென்று பயிற்சியில் உள்ள அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எப்படி உணவு தொடங்க வேண்டும் என்பதை அந்தந்தப் பெற்றோருக்கு நேரில் சொல்ல வேண்டும். பெற்றோரிடம் வாங்கிய தாள்களை ரத்து செய்ய வேண்டும்.

மலைநாடுகள் எல்லாவற்றிலும், ரேசன் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பஸ் நிற்கும் இடங்களிலும், தங்கள் அலுவலகத்தின் பெயரில் அறிவிப்புச் செய்ய வேண்டும். கல்லூரியிலிருந்து இளைத்து வரும் மகளுக்கு உடனே முழு இலை போடாதீர்கள், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று இரண்டே வரி போதும். நான் சொன்னால் சாமி குற்றம். அரசாங்க முத்திரையோடு வந்தால் கேட்பார்கள்.

இம்மனுவைக் கொடுத்த கையோடு நான் விடுதிக்குப் புறப்படுகிறேன். யமுனாவை வீட்டுக்கு அழைத்துப் போகப் போவதில்லை. அரசு மருத்துவமனைக்குத்தான் கூட்டிப் போகப் போகிறேன். வர மறுத்தால், வரும்வரை அந்த வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். பெற்றவள் என்பதால் அவள் கையைப் பிடித்து இழுக்க எனக்கு உரிமை இருக்கிறது. பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளையின் கையை நான் தொட முடியாது. என்னைக் காவலாளி வெளியே அனுப்பிவிடுவார். அந்தக் கதவைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் தங்களிடம்தான் இருக்கிறது. போகிக்குள் திறந்துவிடுங்கள், ஐயா.

இடம்: நாமக்கல்
நாள்: 29.12.2025

இப்படிக்கு,
பிள்ளையைப் பெற்றவள்,
செ. சுகுணா

இணைப்பு: கல்லூரியின் பெயரும் முகவரியும் எழுதிய தனித்தாள், கையெழுத்திடாத ஒப்புதல் தாள், மாராயி கைநாட்டு வைத்த வாக்குமூலம்.